கெளுத்தி வாங்குவது முதல் குஞ்சு வளர்ப்பது வரை: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தொட்டியின் அடியில் மீசையால் மணலைத் தடவிக்கொண்டு திரியும் கெளுத்திகளைப் பார்த்து, "இவை நம் வீட்டில் குஞ்சு பொரிக்குமா?" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பொரிக்கும். சில இனங்கள் மிக எளிதாகவே பொரிக்கும். ஆனால் புதியவர்கள் கவலைப்படும் இடம் ஒன்று, தோற்கும் இடம் வேறு. முட்டையிட வைப்பது எப்படி என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். முட்டையிடுவது மீனின் வேலை. வயிறு நிறைந்து, தண்ணீரும் சுத்தமாக இருந்தால் அது தானாகவே இடும். நம் கவனம் முழுவதும் தேவைப்படுவது மீனை வாங்கும் நாளிலும், குஞ்சு பொரித்த பிறகு வரும் முதல் 3 வாரங்களிலும்தான். ஆகவே அந்த இரண்டையும் விரிவாகச் சொல்கிறேன், மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

எந்தக் கெளுத்தி?

உலகம் முழுவதும் ஏறக்குறைய 4,000 கெளுத்தி இனங்கள் உள்ளன. கடைத் தொட்டியில் விரல் நீளத்தில் அழகாகத் தெரியும் குட்டி வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. சிவப்பு வால் கெளுத்தி 1 மீட்டரைத் தாண்டும். 'ஷார்க்' என்ற பெயரில் விற்கப்படும் வெள்ளி நிறப் பங்காசியஸ் கெளுத்தியும் அப்படித்தான். கண்ணாடியில் படியும் பாசியைத் தின்று சுத்தம் செய்யும் என்று சொல்லிக் கொடுக்கும் சாதாரண பிளெக்கோ என்னும் உறிஞ்சுவாய்க் கெளுத்தி ஓர் அடிக்கு மேல் வளரும். ஆற்றங்கரை மண்ணில் ஆழமாக வளை தோண்டி முட்டையிடுகிற மீன் அது. வீட்டுத் தொட்டியில் அதற்கு வழியே இல்லை. இவற்றை வாங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

முதன்முதலாக இனப்பெருக்கம் செய்ய நினைப்பவருக்கு நான் பரிந்துரைப்பவை இரண்டே குடும்பங்கள். ஒன்று, கோரிடோரஸ் எனப்படும் சிறிய கவசக் கெளுத்திகள். அவற்றிலும் புரோன்ஸ் கோரி, அதன் வெள்ளை வடிவமான அல்பினோ கோரி, பெப்பர் கோரி ஆகியவற்றில் ஒன்றை எடுங்கள். பெப்பர் கோரி 19ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் தொட்டியில் குஞ்சு பொரித்த மீன். டார்வின் தம் பீகிள் கப்பல் பயணத்தில் சேகரித்த மாதிரிகளைக் கொண்டு 1842இல் அறிவியல் உலகுக்கு விவரிக்கப்பட்டது அதுதான். இத்தனை தலைமுறைகளாகத் தொட்டியில் வாழ்ந்து பழகிய மீனுடன் தொடங்குவது புத்திசாலித்தனம். பாண்டா கோரியும் ஸ்டெர்பாய் கோரியும் அழகானவை. ஆனால் அவற்றை இரண்டாம் முயற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றொன்று ஆன்சிஸ்ட்ரஸ், அதாவது பிரிசில்நோஸ் பிளெக்கோ. முழு வளர்ச்சியில் 10 முதல் 13 செ.மீ. வரைதான் வரும். ஆணின் முகத்தில் கிளைகிளையாகச் சதை மீசைகள் முளைக்கும். முட்டையையும் குஞ்சையும் தகப்பனே காக்கும். பிளெக்கோ மீது ஆசைப்படுபவர்களுக்கு இதுவே ஏற்றது.

கண்ணாடிக் கெளுத்தியையும், பாசி தின்னும் சிறு கெளுத்தியான ஓட்டோசிங்கிளஸையும் வளர்க்கலாம், ஆனால் வீட்டில் குஞ்சு எடுப்பது கடினம். டாங்கனிக்கா ஏரியில் வாழும் குயில் கெளுத்தி தன் முட்டைகளை வாயில் அடைகாக்கும் சிக்லிட் மீன்களிடம் கலந்துவிட்டு வளர்க்க வைக்கிறது. வியப்பூட்டும் மீன்தான், ஆனால் தொடக்கத்துக்கு உகந்ததல்ல.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கோரிடோரஸ் பேரினத்தில் 170க்கும் மேற்பட்ட இனங்கள் இருந்தன. 2024இல் வெளிவந்த ஆய்வு அந்தக் கூட்டத்தை ஏழு பேரினங்களாகப் பிரித்தது. அதன்படி புரோன்ஸ் கோரி இப்போது ஆஸ்டியோகாஸ்டர், பெப்பரும் பாண்டாவும் ஸ்டெர்பாயும் ஹாப்லிசோமா. கடைகளில் பழைய பெயரே நடமாடும். தேடிப் படிக்கும்போது இரண்டு பெயரும் தெரிந்திருந்தால் குழப்பம் வராது. பிளெக்கோக்களிடம் காணும் 'எல்' எண்கள் ஒரு ஜெர்மன் மீன் வளர்ப்பு இதழ் 1988இல் தொடங்கிய முறை. அறிவியல் பெயர் கிடைக்கும் முன்பே இனங்களை அடையாளம் காட்ட அது உதவுகிறது. கடைக்காரர் எண்ணைச் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள்.

மீனுக்கு முன்னால் தொட்டி

ஆறு கோரிகளுக்கு 60 செ.மீ. நீளமுள்ள, ஏறக்குறைய 60 லிட்டர் கொள்ளும் தொட்டி போதும். ஆன்சிஸ்ட்ரஸ் ஜோடிக்கு 100 லிட்டர் இருக்கட்டும். உயரத்தைவிடத் தரைப்பரப்பு முக்கியம், ஏனெனில் இவை வாழ்வது அடியில். கோரிகளுக்கு மென்மையான, மழுங்கிய மணல் வேண்டும். அவை மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியே வடித்து உண்பவை. கூர்மையான சரளையும், அதைவிட முக்கியமாக அழுக்குத் தேங்கிய தரையும் மீசையை அரித்துவிடும்.

புதுத் தொட்டியில் மீனை உடனே விடாதீர்கள். வடிகட்டியில் நுண்ணுயிர்கள் குடியேறி, அமோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றப் பழக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். சோதனைக் கருவியில் அமோனியாவும் நைட்ரைட்டும் 0 என்று தொடர்ந்து காட்டிய பிறகுதான் மீன். இந்தக் காத்திருப்பைத் தாண்டிக் குதிக்க நினைப்பவர்கள்தான் முதல் மாதத்தில் மீனை இழக்கிறார்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கும் திரவத்தைக் கலக்காமல் ஒரு வாளி கூட ஊற்றக் கூடாது.

வெப்பம் இனத்துக்கு இனம் மாறும். பெப்பர் கோரி குளிர்ச்சியை விரும்பும், 18 முதல் 23 டிகிரி. புரோன்ஸ் கோரிக்கு 22 முதல் 26. ஸ்டெர்பாய்க்கு 24 முதல் 28. ஆன்சிஸ்ட்ரஸ் 22 முதல் 27 வரை தாங்கும். பெப்பரையும் ஸ்டெர்பாயையும் ஒரே தொட்டியில் போட்டால் இரண்டில் ஒன்று எப்போதும் அவதிப்படும்.

வாங்கும் நாள்

இங்கேதான் பாதி வெற்றி. கடைக்குப் போனவுடன் மீனைக் காட்டச் சொல்லாதீர்கள். பத்து நிமிடம் தொட்டியின் முன் சும்மா நில்லுங்கள். நல்ல கோரி சும்மா இருக்காது. மணலைக் கிளறும், துணையோடு சேர்ந்து நகரும், அவ்வப்போது நேராக மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுக் கீழே வரும். அது நோய் அல்ல. கோரிகள் காற்றை விழுங்கிக் குடலின் வழியாகவும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. ஆனால் நிமிடத்துக்கு நிமிடம் எல்லா மீன்களும் மேலே ஓடினால் தண்ணீரில் கோளாறு இருக்கிறது. அந்தத் தொட்டியிலிருந்து வாங்காதீர்கள்.

பிறகு ஒவ்வொரு மீனாகப் பாருங்கள். மீசை இரு பக்கமும் முழுமையாக இருக்கிறதா? கண் தெளிவாக இருக்கிறதா? வயிற்றுப் பக்கம் சிவந்திருந்தால் விட்டுவிடுங்கள். மேலிருந்து பார்த்தால் வயிறு மிதமாகப் பருத்திருக்க வேண்டும். பிளெக்கோ வகைகளையும் ஓட்டோசிங்கிளஸையும் கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அடியிலிருந்து பாருங்கள். வயிறு உள்வாங்கிக் குழிந்திருந்தால் அந்த மீன் பயணத்தில் பட்டினி கிடந்திருக்கிறது. கண் குழிந்த மீன் பெரும்பாலும் மீளாது. இரக்கப்பட்டு வாங்கி வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இரக்கம் மற்ற மீன்களுக்கும் நோயைக் கொண்டுவந்துவிடுகிறது.

கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். மீன் வந்து எத்தனை நாள் ஆகிறது? ஆற்றில் பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா? என்ன தீனி தின்கிறது? வந்து ஒரு வாரம்கூட ஆகாத மீனை எடுக்காதீர்கள். முன்பணம் கொடுத்துவிட்டு இரண்டு வாரம் கழித்து வருகிறேன் என்று சொன்னால், மீனைத் தெரிந்த கடைக்காரர் மறுக்கமாட்டார். முடிந்தால் கண் முன்னால் கொஞ்சம் தீனி போடச் சொல்லுங்கள். தீனியை நோக்கி விரைகிற மீனை நம்பலாம்.

அல்பினோ கோரியின் உடலில் நீலமோ இளஞ்சிவப்போ பளிச்சென்று தெரிந்தால் அது ஊசியால் ஏற்றிய சாயம். அதை வாங்கவே வாங்காதீர்கள். வாங்க ஆள் இருக்கும் வரைக்கும் அந்தக் கொடுமை நிற்காது.

கடையைவிட நல்ல இடம் ஒன்று உண்டு. வீட்டிலேயே குஞ்சு எடுக்கும் வளர்ப்பாளர். அவரிடம் தாய் தகப்பன் மீன்களையே பார்க்கலாம். எந்தத் தண்ணீரில் பிறந்தது, என்ன தின்றது என்பதெல்லாம் தெரியும். ஒரே ஒரு குறை, அங்கே கிடைப்பவை எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகளாக இருக்கக்கூடும். ஆகவே இரண்டு வளர்ப்பாளர்களிடம் பாதிப் பாதியாக வாங்குங்கள்.

அரிய மீன்களில் இன்னும் எச்சரிக்கை தேவை. கறுப்பு வெள்ளைப் பட்டையோடு பிரேசிலின் சிங்கு ஆற்றில் மட்டுமே வாழும் ஜீப்ரா பிளெக்கோவுக்கு எல்046 என்று எண். அதை ஆற்றிலிருந்து பிடித்து ஏற்றுமதி செய்யப் பிரேசில் தடை விதித்திருக்கிறது. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் அது இருக்கிறது. தொட்டியில் பிறந்ததற்கான சான்று இல்லாமல் யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

எத்தனை வாங்குவது? கோரியில் ஆறுக்குக் குறையாமல், ஒரே இனத்தில். குட்டிகளாக வாங்குங்கள். வளர்ந்த மீன் உடனே முட்டையிடும் என்ற ஆசையில் கிழட்டு மீனை வாங்கி ஏமாறுவதைவிட, 3 செ.மீ. குட்டிகளை வாங்கி ஓராண்டு வளர்ப்பது எல்லா வகையிலும் நல்லது. ஆறு குட்டிகளில் ஆணும் பெண்ணும் கலந்தே இருக்கும். வளர்ந்த பிறகு மேலிருந்து பார்த்தால் பெண் நடுவில் அகன்று தெரியும், ஆண் ஒல்லியாக இருக்கும். பெப்பர் கோரியில் ஆணின் முதுகுத் துடுப்பு உயரமாக நிமிர்ந்திருக்கும். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்ற கணக்கு நன்றாக அமையும். ஆன்சிஸ்ட்ரஸில் கணக்கு நேர்மாறு. ஓர் ஆணும் ஒன்றிரண்டு பெண்களும் போதும். சிறிய தொட்டியில் இரண்டு ஆண்களை விட்டால் குகைக்காகச் சண்டை நிற்காது.

வீட்டுக்குக் கொண்டுவருதல்

கெளுத்திகளின் மார்புத் துடுப்பிலும் முதுகுத் துடுப்பிலும் கூரிய முள் உண்டு. பயந்தால் அதை விறைத்துப் பூட்டிக்கொள்ளும். வலையில் மாட்டினால் இழுக்காதீர்கள், வலையைக் கத்தரித்து விடுங்கள். கூடிய மட்டும் வலைக்குப் பதிலாக ஒரு கிண்ணத்தால் பிடிக்கச் சொல்லுங்கள். பை ஓட்டையாகாமல் இருக்க இரட்டைப் பை போடச் சொல்லுங்கள், தண்ணீரும் தாராளமாக இருக்கட்டும்.

அரை மணி நேரப் பயணம் என்றால் பையை மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தி, தொட்டித் தண்ணீரைச் சிறுகச் சிறுகச் சேர்த்துப் பழக்கலாம். ஆனால் பையில் ஒரு நாள் கிடந்து வந்த மீனுக்கு இந்த நிதானமே எமனாகும். மூடிய பையில் மீன் விட்ட கார்பன் டை ஆக்சைடு தண்ணீரின் அமிலத்தன்மையைக் கூட்டி வைத்திருக்கும். அதனால் அங்கே சேர்ந்த அமோனியாவின் நச்சு அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, அமிலத்தன்மை குறைந்து, அதே அமோனியா கடும் நஞ்சாகிவிடும். அப்படிப்பட்ட மீனை வெப்பம் சமமானதும் பையைத் திறந்து, தண்ணீரை வடித்துவிட்டு, உடனே தொட்டியில் விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

அந்தத் தொட்டி உங்கள் முதன்மைத் தொட்டியாகவும் இருக்கக் கூடாது. புது மீனுக்கு 3 முதல் 4 வாரம் தனித் தொட்டி. வெறும் தரை, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிய ஒரு குழாய்த்துண்டு, இவ்வளவு போதும். அந்த ஸ்பாஞ்சை முன்கூட்டியே பெரிய தொட்டியில் ஓடவிட்டு நுண்ணுயிர் ஏற்றி வைத்திருங்கள். மருந்து போட நேர்ந்தால் செம்பு கலந்தவற்றைத் தவிர்த்துவிடுங்கள், அதிக உப்பும் கெளுத்திக்கு ஆகாது.

முட்டையிடும் பருவம்

கோரிகள் மழைக்காலத்தில் முட்டையிடும் மீன்கள். வறண்ட மாதங்களில் ஆறு சுருங்கி, பிறகு புது மழையில் குளிர்ந்த நீர் பெருகி வரும்போது அவற்றுக்கு அந்த உந்துதல் வருகிறது. நாம் அதைத் தொட்டியில் சிறிதாக நடத்திக் காட்ட வேண்டும்.

இரண்டு மூன்று வாரம் நன்றாக ஊட்டுங்கள். ரத்தப்புழு, டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளு, ஆர்ட்டீமியா என்னும் சிறு உப்புநீர் இறால் ஆகியவற்றை உயிரோடோ உறையவைத்தோ, நாளுக்கு இரண்டு முறை, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பெண்களின் வயிறு இளஞ்சிவப்பாகத் திரளும். அப்போது ஒரு மாலையில் 40 சதவீதம் தண்ணீரை எடுத்துவிட்டு, 3 அல்லது 4 டிகிரி குளிர்ந்த தண்ணீரை மெல்ல நிரப்புங்கள். காற்றைக் குமிழ்களாக விடும் காற்றுக்கல்லின் வேகத்தைக் கூட்டுங்கள். வெளியே மேகம் கவிந்து மழை வரும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது. காற்றழுத்தம் குறையும் நாட்களில் மீன்கள் தாமாகவே பரபரப்பதைப் பல வளர்ப்பாளர்கள் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் ஒன்றும் நடக்காவிட்டால் இன்னும் ஒரு முறை, அதற்கடுத்த நாள் இன்னொரு முறை. அதற்கும் மசியவில்லை என்றால் விட்டுவிட்டு இரண்டு வாரம் ஊட்டுங்கள்.

நடக்கும் நாளில் உங்களுக்கே தெரிந்துவிடும். ஆண்கள் பெண்ணை விடாமல் துரத்தும். பெண் கண்ணாடியில் ஓர் இடத்தைத் தேர்ந்து வாயால் துடைக்கும். பிறகு அது ஓர் ஆணின் வயிற்றுப் பக்கம் வாயை ஒட்டிக்கொள்ளும். இரண்டும் ஆங்கில 'டி' எழுத்தைப்போல் சில வினாடி அசையாமல் நிற்கும். அந்தக் கணத்தில் பெண் விந்தை விழுங்குகிறது. அது குடலைச் சில வினாடிகளில் கடந்து முட்டையருகே வெளியேறுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1995இல் புரோன்ஸ் கோரியில் காட்டினார்கள். பிரிந்ததும் பெண்ணின் வயிற்றுத் துடுப்புகளைக் கவனியுங்கள். இரண்டும் கூப்பிய கைபோலச் சேர்ந்திருக்கும். அதற்குள் இரண்டோ மூன்றோ முட்டை. அது துடைத்து வைத்த இடத்துக்கு நீந்திப் போய், வயிற்றைக் கண்ணாடியில் அழுத்தி, முட்டைகளை ஒட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் களைத்துக் கிடக்கும். பிறகு மறுபடியும் தொடங்கும். இப்படியே மணிக்கணக்கில் நடக்கும். புரோன்ஸ் கோரி 100க்கும் மேல் இடும், பாண்டா சில பத்துகளோடு நிறுத்திக்கொள்ளும்.

முட்டைகளைப் பிரித்தெடுத்தல்

பெற்றோர்கள் களைப்பு நீங்கியதும் தங்கள் முட்டைகளைத் தாங்களே தின்னத் தொடங்கும். கோரிக்குக் குஞ்சு காக்கும் பழக்கமே கிடையாது. ஆகவே இட்டு முடித்த சில மணி நேரத்தில், முட்டையின் தோல் கெட்டிப்பட்டதும் எடுத்துவிடுங்கள். சுத்தமாகக் கழுவிய, சோப்பு வாடை இல்லாத விரலால் முட்டையை மெல்ல உருட்டினால் விரலோடு ஒட்டிக்கொண்டு வரும். 2 மி.மீ. முட்டைதான், ஆனால் நினைப்பதைவிட உறுதியானது.

பெற்றோர் தொட்டியின் தண்ணீரையே எடுத்து ஒரு பெட்டியில் 10 செ.மீ. உயரத்துக்கு நிரப்பி, ஒரு காற்றுக்கல்லை வைத்து அதன் ஓட்டம் படும்படி முட்டைகளைப் பரப்புங்கள். ஒன்றோடொன்று குவியலாக ஒட்டியிருந்தால் பிரித்துவிடுங்கள். தண்ணீர் இளநீலமாகும் அளவுக்குச் சில துளி மெத்திலீன் நீலம் விட்டால் பூஞ்சை கட்டுப்படும். ஓர் உலர்ந்த நாட்டு வாதுமை இலையும் அதே வேலையைச் செய்யும். மறுநாள் பார்த்தால் கருவுற்ற முட்டைகள் பழுப்பேறியிருக்கும். பால்வெள்ளையாக மாறியவை கருவுறாதவை. அவற்றைத் துளிக்குழாயால் அன்றன்றே எடுத்துவிட வேண்டும், விட்டால் பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் பரவும். 25 டிகிரியில் 3 முதல் 5 நாளில் பொரித்துவிடும்.

முதல் 3 வாரம்

என் முதல் முயற்சியில் எழுபது எண்பது குஞ்சுகள் பொரித்தன. எட்டாம் நாள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தீனி போதவில்லை என்று நினைத்து இன்னும் அதிகமாகப் போட்டேன். உண்மையில் கொன்றது அந்தத் தீனிதான். பெட்டியின் தரையை விரலால் தொட்டபோதுதான் புரிந்தது, கண்ணுக்குத் தெரியாத ஒரு வழவழப்பான படலம் முழுவதும் பரவியிருந்தது. குஞ்சுகள் வயிறு தரையில் படக் கிடப்பவை. அந்தப் படலத்தில் பெருகும் பாக்டீரியா முதலில் அவற்றின் துடுப்பை, பிறகு உயிரை எடுத்துவிடுகிறது. அதன் பிறகு நான் தரையைத்தான் முதலில் கவனிக்கிறேன்.

பொரித்த முதல் இரண்டு மூன்று நாள் எதுவும் போடாதீர்கள். வயிற்றில் மஞ்சள் கரு இருக்கிறது. அது கரைந்ததும் ஆர்ட்டீமியாக் குஞ்சும் மைக்ரோ புழு எனப்படும் நுண்ணிய புழுவும். ஆர்ட்டீமியா முட்டையை லிட்டருக்கு 25 கிராம் உப்பு கலந்த தண்ணீரில், 27 டிகிரி அளவில், காற்றும் வெளிச்சமும் கொடுத்து வைத்தால் ஏறக்குறைய 24 மணி நேரத்தில் பொரிக்கும். காற்றை நிறுத்திவிட்டு அடிப்பக்கத்தில் விளக்கு காட்டுங்கள். ஓடுகள் மேலே மிதக்கும், குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித் திரண்டு வரும். அவற்றை மட்டும் உறிஞ்சி, மெல்லிய துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். ஓடு கலந்தால் கெளுத்திக் குஞ்சின் குடலை அடைத்துவிடும். கால் மணி நேரம் கழித்துக் கைவிளக்கால் பாருங்கள். தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும். எல்லா வயிற்றிலும் அந்தப் புள்ளி தெரிந்தால் தீனி போதும்.

நாளின் நடைமுறை இதுதான். காலையும் மாலையும் காற்றுக்குழாயின் மெல்லிய துண்டால் தரையில் உள்ள மீதத்தைச் சைபன் முறையில் உறிஞ்சி எடுங்கள். தண்ணீர் விழும் வாளி வெள்ளையாக இருக்கட்டும், தவறிப்போன குஞ்சு அதில் பளிச்சென்று தெரியும், எடுத்துத் திரும்ப விட்டுவிடலாம். பிறகு மென்மையான தூரிகையால் தரையையும் பக்கங்களையும் துடைத்து, இன்னொரு முறை உறிஞ்சுங்கள். எடுத்த அளவுக்குப் பெற்றோர் தொட்டித் தண்ணீரை, அதே வெப்பத்தில், குழாய் வழியே சொட்டுச் சொட்டாக நிரப்புங்கள். அதன் பிறகுதான் தீனி. மிகக் கொஞ்சமாக, நாளுக்கு மூன்று முறை. ஆர்ட்டீமியா நன்னீரில் சில மணி நேரமே உயிரோடிருக்கும், மிஞ்சியது உடனே அழுகும். இரண்டு மூன்று சிறிய நத்தைகளைப் பெட்டியில் விட்டால் மீதத்தைத் தின்றுவிடும், குஞ்சுகளைத் தொடாது.

பாண்டா குஞ்சுகளுக்கு வெப்பம் ஒத்துக்கொள்ளாது. 22 முதல் 24 டிகிரியில் வைத்தால் இழப்பு குறையும்.

வெளியூர் போகும் திட்டம் இருந்தால் அந்த மாதம் குளிர்நீர் மாற்றத்தைத் தொடங்கவே தொடங்காதீர்கள். இந்த வேலையை ஒரு நாள் விட்டால்கூட இழப்பு தெரியும். 3 வாரம் தாண்டியதும் குஞ்சுகள் அச்சு அசலாகத் தாயின் சிறிய வடிவம் ஆகிவிடும். பெரிய தொட்டிக்கு மாற்றி, பொடித்த தீனிக்குப் பழக்கலாம். அங்கிருந்து இழப்பு அரிது.

ஆன்சிஸ்ட்ரஸ்

இதில் வேலை குறைவு, பார்க்கும் இன்பம் அதிகம். தொட்டியில் நல்ல மரத்துண்டு ஒன்று அவசியம். இவை அதைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். வெள்ளரி, கீரை, பாசி வில்லைகளைக் கொடுங்கள். வாரத்தில் ஓரிரு நாள் புழுவும் சேரட்டும். காய்கறியை ஒரு நாளுக்கு மேல் தொட்டியில் விட்டுவைக்காதீர்கள்.

முக்கியமான பொருள் குகை. ஒரு பக்கம் மூடிய மண் குழாய் நல்லது. அகலம் ஆண் மீனின் உடலைவிடக் கொஞ்சமே கூடுதலாக இருக்க வேண்டும். அகன்ற குகையில் பெண்ணை உள்ளே நிறுத்தி வைக்க ஆணால் முடியாது. ஆண் ஒரு குகையைத் தன்னுடையதாக்கி வாயிலில் தலை தெரியக் காத்திருக்கும். பெண் உள்ளே நுழைந்து ஆரஞ்சு நிறத்தில் திராட்சைக் கொத்துபோல முட்டைகளை இட்டுவிட்டு வெளியேறிவிடும்.

அதற்குப் பிறகு ஆணைக் கவனியுங்கள். தீனிக்குக்கூட வெளியே வராமல், குகைக்குள் தலையை உள்ளேயும் வாலை வாயிலிலும் வைத்து, துடுப்பால் முட்டைகளுக்கு இடைவிடாமல் விசிறிக்கொண்டிருக்கும். கெட்டுப்போன முட்டையை அதுவே அகற்றிவிடும். விளக்கடித்துப் பார்த்துத் தொந்தரவு செய்யாதீர்கள். மிரண்டால் முட்டைகளை வெளியே தள்ளிவிடும். அப்படித் தள்ளினால் ஒரு வலைப்பெட்டியில் போட்டு, மிதமான காற்றோட்டத்தில் மெல்ல அசைந்துகொண்டே இருக்குமாறு வைத்தால் காப்பாற்றலாம். வெப்பத்தைப் பொறுத்து 4 முதல் 10 நாளில் பொரிக்கும். பெரிய ஆரஞ்சு வயிற்றோடு குஞ்சுகள் குகைச் சுவரில் ஒட்டிக் கிடக்கும். கரு கரைந்ததும் ஒவ்வொன்றாக வெளியே வரும். வெந்த காய்கறியும் பாசித் தீனியும் எப்போதும் எட்டும் தூரத்தில் இருந்தால் போதும், வளர்ந்துவிடும். ஓராண்டுக்குள் அவையே முட்டையிடத் தயாராகிவிடும்.

அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன், எடுத்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் குகையை எடுத்துவிடுங்கள். மிஞ்சிய மீனை ஆற்றிலோ குளத்திலோ கால்வாயிலோ ஒருபோதும் விடாதீர்கள். தொட்டிகளிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் தப்பிய பெரிய பிளெக்கோக்கள் ஆசியாவிலும் அமெரிக்கக் கண்டத்திலும் பல நீர்நிலைகளை நிறைத்துவிட்டன. கரைகளைக் குடைகின்றன, மீனவர்களின் வலைகளைக் கிழிக்கின்றன, உள்ளூர் மீன்களின் உணவைப் பறிக்கின்றன.

குஞ்சுகளைக் கொடுக்கும்போது

2 அல்லது 3 செ.மீ. ஆனதும் கொடுக்கலாம். ஒரு நாள் முன்பே தீனியை நிறுத்திவிட்டால் பைத் தண்ணீர் அழுக்காகாது. ஒரு பையில் அளவோடு போட்டு, காலையில் கொடுங்கள். இரண்டு இனங்களை ஒரே தொட்டியில் வளர்த்து, கலப்பு நேர்ந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பையின் மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள். அதில் இனத்தின் பெயர், பொரித்த தேதி, தொட்டியின் வெப்பம், தின்று பழகிய தீனி, பெற்றோர் எங்கிருந்து வந்தவை ஆகிய ஐந்தையும் எழுதுங்கள்.